கரையோரத் தண்ணீர்: நீர்நிலைகளில் கொசுவை அடக்கிய வரலாறு

ஏரியின் நடுவில் கொசு வளர்வதில்லை. காற்று வீசும்போதெல்லாம் அலையடிக்கும் ஆழமான நீரில் கொசுப்புழுவால் நிம்மதியாக மூச்சுவிட முடியாது. மீன்களிடமிருந்து ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. அது வளர்வது கரையோரத்தில்: புல் முளைத்த விளிம்பில், சருகும் குச்சியும் ஒதுங்கிய மூலையில், மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில், மதகுக்குக் கீழே கசிந்து தேங்கிய குட்டையில். அணை, கால்வாய், நெல்வயல், கிணறு, கழிவுநீரைத் தெளியவைக்கும் செயற்கைச் சதுப்பு என மனிதர் தண்ணீரை நிறுத்திய இடமெல்லாம் இப்படிப்பட்ட விளிம்புகள் உண்டாகின்றன. அந்த விளிம்பைப் பராமரிக்கக் கற்றதும், நடுவில் மறந்ததும், மறுபடி கற்றதும்தான் நீர்நிலைகளில் கொசுக் கட்டுப்பாட்டின் வரலாறு.

கொசுவின் இளமை முழுவதும் தண்ணீரில் கழிகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய நிலைகளைக் கடந்து சிறகு முளைத்து வெளியேற, வெப்ப நாடுகளில் 7 முதல் 10 நாள் போதும். ஆனால் எல்லாக் கொசுவும் ஒரே வகையில் வாழ்வதில்லை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸின் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது. அது நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்தபடி காற்றை வாங்குகிறது. யானைக்கால் நோயையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் பரப்பும் கியூலெக்ஸின் புழு, வால்பக்கக் குழலை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்குகிறது. மான்சோனியாவின் புழு ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, அதற்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், தொட்டியிலும் குடத்திலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி நனையும்போது பொரிக்கின்றன. ஒரு கொசுவுக்குப் பொருந்தும் மருந்து இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

கெட்ட காற்றிலிருந்து கெட்ட தண்ணீருக்கு

மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பிலிருந்து எழும் நச்சு ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். ரோம் நகரில் போப்பாண்டவரின் மருத்துவராக இருந்த லான்சிசி 1717இல் எழுதிய நூலில் சதுப்புகளை வடிக்கச் சொன்னார். காரணம் பற்றிய நம்பிக்கை தவறாக இருந்தாலும், தேங்கிய நீரை வடித்த ஊர்களில் காய்ச்சல் குறையவே செய்தது.

உண்மைக் காரணம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெளிப்பட்டது. யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் 1877இல் கண்டார். செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளியின் ரத்தம் குடித்த கொசுவின் குடல் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் கொசுவே என்பதை மறு ஆண்டில் இத்தாலியின் கிராசியும் அவருடைய சகாக்களும் நிறுவினர்.

இந்த அறிவு முதலில் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, சூயஸ் கால்வாயை ஒட்டிப் பாலைவனத்தில் எழுந்த இஸ்மாயிலியா நகரம். மழையே அரிதான அந்த ஊருக்கு நைல் நதியிலிருந்து நன்னீர்க் கால்வாய் வந்தது. அதன் கசிவில் தோட்டங்கள் செழித்தன. கூடவே 1877 முதல் மலேரியாவும் வந்து நிலைத்தது. சூயஸ் கால்வாய் நிறுவனத்தின் அழைப்பின் பேரில் ராஸ் 1902இல் அங்கே போனார். சிறு சதுப்புகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. வாய்க்கால்களின் புல் அகற்றப்பட்டது. வீடுகளுக்கு அடியில் இருந்த கழிவுநீர்க் குழிகளில் வாரந்தோறும் எண்ணெய் ஊற்றப்பட்டது. 1902இல் 1,551ஆக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 1903இல் 214ஆகவும், 1904இல் 90ஆகவும் இறங்கியது. தண்ணீரைக் கொண்டுவந்தவர்களே அதன் விளிம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இஸ்மாயிலியா தெளிவாகக் காட்டியது.

மலாயாத் தோட்டங்களில் கிடைத்த பாடம்

அதே ஆண்டுகளில் மலாயாவின் கிள்ளான் நகரில் அரசு மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். அருகில் 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், தொடங்கிய கையோடு மலேரியாவால் முடங்கும் நிலைக்கு வந்தது. வாட்சன் காட்டை வெட்டி, சதுப்பு நீரைக் கடலுக்கு வடியவைத்தார். கடலோரச் சமவெளியில் காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது.

அதே முறையை உள்நாட்டுக் குன்றுப் பகுதியின் ரப்பர் தோட்டங்களில் கையாண்டபோது விளைவு தலைகீழானது. காரணம், இரு இடங்களிலும் கொசு வேறு. கடலோரச் சதுப்பில் நோய் பரப்பிய அனாபிலஸ் அம்ப்ரோசஸ் நிழலை நாடும் இனம். மரத்தை வெட்டினால் அழியும். குன்றுகளில் இருந்த அனாபிலஸ் மாக்குலேட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடும் இனம்; மரத்தை வெட்டினால் பெருகும். ரப்பர் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்ட ஒவ்வொரு பள்ளத்தாக்கும் அந்தக் கொசுவுக்குப் புது வீடானது.

அந்தத் தோட்டங்களில் காட்டை வெட்டியவர்களிலும் பால் வெட்டியவர்களிலும் பெரும்பாலோர் தமிழர். தஞ்சை, திருச்சி, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள், ஓடையை ஒட்டிக் கட்டப்பட்ட லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அவர்களின் குழந்தைகளுடைய மண்ணீரல் வீக்கத்தைத் தடவிப் பார்த்தே ஒரு தோட்டத்தின் மலேரியா அளவை மருத்துவர்கள் கணித்தனர். கொசுவைப் பற்றிய நுட்பமான அறிவுக்குப் பின்னால் அந்தத் தொழிலாளர்களின் துன்பமும் சாவும் இருக்கின்றன.

வாட்சன் கண்ட தீர்வு, ஓடையை மண்ணுக்குள் கொண்டுபோவது. பள்ளத்தாக்கின் அடியில் சுட்ட மண்குழாய்கள் புதைக்கப்பட்டன. ஊற்றுநீர் வெயிலைக் காணாமலே அவற்றின் வழியே ஓடியது. குழாய் பதிக்க முடியாத ஓடைகளில் குறித்த நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் தெளிக்கப்பட்டது. எல்லாத் தண்ணீரையும் வடிக்கத் தேவையில்லை, நோய் பரப்பும் இனம் எதுவோ அது விரும்பும் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும் என்ற கொள்கை இங்கிருந்து உலகெங்கும் பரவியது. கொசு ஒழிப்பில் பூச்சியியல் அறிஞருக்கு நிரந்தர இடம் கிடைத்ததும் இதனால்தான்.

டென்னசி: அணையே மருந்தானது

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நீர்மின் அணைகள் எழத் தொடங்கியபோது, கரையோர மக்கள் காய்ச்சலில் விழுந்தனர். அலபாமாவின் கூசா ஆற்றில் 1914இல் நிறைந்த ஒரு நீர்த்தேக்கத்தைச் சுற்றி மலேரியா பரவி, அணை கட்டிய நிறுவனத்தின் மீது நூற்றுக்கணக்கில் வழக்குகள் தொடரப்பட்டன. நீர் தேக்குவோர் கொசுவுக்கும் பொறுப்பு என்ற எண்ணம் பிறகு அந்த மாநிலத்தின் சுகாதார விதிகளில் இடம்பெற்றது.

இந்தப் பின்னணியில்தான் 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் உருவானது. அப்போது அந்தப் பகுதி மக்களில் சுமார் 30 சதவீதம் பேரை மலேரியா பாதித்திருந்தது. ஆற்றின் நெடுகிலும் தொடராக அணைகள் கட்டத் திட்டமிட்ட ஆணையம், பொறியாளர்களோடு மருத்துவர்களையும் பூச்சியியலாளர்களையும் தாவரவியலாளர்களையும் ஒரே அலுவலகத்தில் அமர்த்தியது. அங்கே நோய் பரப்பியது அனாபிலஸ் குவாட்ரிமாக்குலேட்டஸ் என்ற இனம். அது மிதக்கும் சருகுக்கும் நீரில் நிற்கும் புல்லுக்கும் இடையே வளர்ந்தது.

ஆணையத்தின் ஆய்வாளர்கள் ஹெஸ், ஹால் இருவரும் 1943இல் ஒரு எளிய அளவுகோலை வகுத்தனர். ஒரு புல்லின் தண்டு நீரைத் துளைத்து மேலெழும் இடத்தில் செடி, நீர், காற்று மூன்றும் ஒரு மெல்லிய வளையத்தில் சந்திக்கின்றன. அனாபிலஸ் புழு ஒட்டி நிற்பது அந்த வளையத்தில்தான். நிமிர்ந்து நிற்கும் ஒற்றைத் தண்டு ஒரு சிறு வளையத்தையே தரும். இலைகளும் கிளைகளும் நீரில் படர்ந்தால் அந்தக் கோட்டின் நீளம் பல மடங்காகும். ஒரு கரையில் இத்தகைய கோடு எவ்வளவு நீளம் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கொசு பெருகும். கொசு ஒழிப்பு, அந்தக் கோட்டைச் சுருக்கும் கணக்காக மாறியது.

கணக்கைச் செயலாக்கியது மதகு. நீர் தேக்குவதற்கு முன்பே, நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதி முழுவதும் மரமும் புதரும் வெட்டி அகற்றப்பட்டன. வசந்த காலத் தொடக்கத்தில் நீர்மட்டம் முழுக் கொள்ளளவுக்கும் சற்று மேலே உயர்த்தப்பட்டு உடனே இறக்கப்பட்டது. மிதந்த கட்டையும் சருகும் கரையின் உச்சியில் ஒதுங்கிக் காய்ந்தன. அடுத்த சில வாரங்கள் மட்டம் உயரத்திலேயே நிறுத்தப்பட்டதால் கரையோரச் செடிகள் முளைக்கத் தாமதமாயிற்று. கொசுப் பருவம் தொடங்கியதும் வாரத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் ஓரடி இறங்கி ஏறியது. இறங்கும்போது புழுக்கள் சில சேற்றில் சிக்கி மடிந்தன; மற்றவை புல்லின் மறைவிலிருந்து திறந்த நீருக்கு இழுக்கப்பட்டு மீனுக்கு இரையாயின. கோடை முதிரும்போது இந்த ஏற்ற இறக்கத்தோடு மட்டமும் வாராவாரம் சிறிது சிறிதாகக் கீழே வந்தது. கரையில் இறங்கி வளரும் புல்லை எட்டாமல் நீர் பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

இவ்வளவும் மின் உற்பத்தி, வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து ஆகியவற்றோடு ஒத்துப்போகும்படி திட்டமிடப்பட்டது. தாழ்வான விரிந்த பரப்புகளில் கரை எழுப்பி, பம்பு வைத்து நீர் இறைக்கப்பட்டது. மிச்சமிருந்த இடங்களில் விமானத்திலிருந்து பாரிஸ் பச்சை என்னும் நச்சுத்தூள் தூவப்பட்டது. வீடுகளுக்குக் கம்பிவலை அடிக்கப்பட்டது. 1940களின் இறுதிக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் மலேரியா ஏறக்குறைய மறைந்தது. அணையைக் கட்டி நோயை வளர்த்த காலம் போய், அணையை இயக்கியே நோயைக் குறைக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

புது ஆறும் பட்டுக்கோட்டையும்

டென்னசியில் அணைகள் எழுந்த அதே காலத்தில் காவிரியிலும் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணையின் பணி முடிந்து 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. அதே திட்டத்தின் பகுதியாகக் கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாய் வெட்டப்பட்டது. தஞ்சை மக்கள் அதைப் புது ஆறு என்று அழைத்தனர். அதுவரை ஏரியையும் வானத்தையும் நம்பியிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புன்செய் நிலங்களுக்குக் காவிரி நீர் வந்து சேர்ந்தது. நெல் விளைந்தது. கூடவே முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியாவும் வந்தது.

அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் 1930களின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தில் மலேரியா ஆய்வை நடத்தினார். பொறியாளர் பிரெட் நைப், பூச்சியியலாளர் டி. ராமச்சந்திர ராவ் ஆகியோர் அவரோடு பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பணியாற்றினர். ராமச்சந்திர ராவ் பின்னாளில் இந்திய அனாபிலஸ் கொசுக்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர்.

அவர்களுக்கு முன் நின்ற கேள்வி வலுவானது. பழைய டெல்டாவில் நூற்றாண்டுகளாக நெல் விளைகிறது, வயலெங்கும் தண்ணீர், ஆனால் மலேரியா பெரிதாக இல்லை. சில மைல் தள்ளி, புதிதாகத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் மட்டும் ஏன் காய்ச்சல்? விடை, தண்ணீரின் அளவில் இல்லை. தண்ணீர் கிடந்த விதத்தில் இருந்தது. புதுப் பாசனப் பகுதி செம்மண்ணும் மணலும் கலந்தது. கால்வாய்க் கரை வழியே நீர் கசிந்தது. கரைக்கு மண் எடுத்த குழிகள் மூடப்படாமல் கிடந்து நிறைந்தன. நடவு நடக்காத தரிசு வயல்களில் மிச்சத் தண்ணீர் பாய்ந்து தேங்கியது. வடிகால்கள் சரியாக அமையவில்லை. வெயில் படும் அந்தத் தெளிந்த, ஆழமற்ற நீர்தான் அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற இனத்துக்கு உகந்த இடம். தென்னிந்தியாவின் சமவெளிக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மை இனம் அதுதான்.

வயலிலும் ஒரு விசித்திரம் தெரிந்தது. நட்ட புதிதில் குலிசிபேசிஸ் புழு நிறைய இருக்கும். பயிர் ஓரடி உயரம் வளர்ந்ததும் காணாமல் போகும். நிழல் விழுவதாலா, பயிர் ஏதேனும் பொருளை நீரில் கலப்பதாலா என்று அறிய ரஸ்ஸலும் ராமச்சந்திர ராவும் ஒரு சோதனை செய்தனர். நாற்றுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குச்சிகளை நீரில் நெருக்கமாக ஊன்றினர். கண்ணாடி நிழல் தராது, நீரில் எதையும் கலக்காது. ஆனாலும் அங்கே கொசு முட்டையிடவில்லை. இந்த இனத்தின் பெண் கொசு நீர்மேல் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. சில அங்குல உயரத்தில் மேலும் கீழுமாக ஆடிப் பறந்தபடி முட்டையைச் சொட்டுகிறது. அந்த நடனத்துக்கு இடம் வேண்டும். நெருக்கமாக எழுந்து நிற்கும் எதுவும், அது நெற்பயிரானாலும் கண்ணாடியானாலும், அந்த இடத்தைப் பறித்துவிடுகிறது. ஆகவே ஆபத்து, நடவு முடிந்த முதல் சில வாரங்களிலும் வெறும் வயலில் நிற்கும் நீரிலும்தான்.

இதே குழு 1942இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, வயலுக்கு விட்டுவிட்டுப் பாசனம் செய்வதைப் பற்றியது. சில நாள் நீர் நிறுத்தி, வாரத்துக்குள் வயலை வடித்துக் காயவிட்டால் புழு கொசுவாகும் முன்பே மடிகிறது. தமிழ் உழவர் இந்த முறைக்கு வைத்திருக்கும் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். பயிர் தூர்கட்டவும் வேர் பிடிக்கவும் அவர்கள் அறிந்திருந்த அந்த ஒழுங்கே, கொசுவுக்கும் முடிவு கட்டக்கூடியது என்பதை ஆய்வு காட்டியது. ஆனால் அதைச் செய்ய ஊர் முழுவதும் ஒரே நாளில் வடிக்க வேண்டும்; வடிக்க வடிகால் வேண்டும்; மறுபடி பாய்ச்ச வேண்டிய நாளில் மதகில் தண்ணீர் கட்டாயம் வர வேண்டும். புது ஆற்றுப் பகுதியில் அந்த உறுதியை யாராலும் தர இயலவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும்போதே தேக்கிக்கொள்வதுதான் கடைமடை உழவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. அவர்களைக் குறைசொல்ல முடியாது.

டிடிடி வந்ததும் மதகு மறந்தது

பட்டுக்கோட்டைக் கிராமங்களிலேயே ரஸ்ஸலின் குழு மற்றொரு வழியையும் சோதித்தது: பைரெத்ரம் மருந்தை வீட்டுக்குள் தெளித்து, வளர்ந்த கொசுவைக் கொல்வது. செலவு குறைவு; மதகையோ வாய்க்காலையோ தொட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி கைக்கு வந்தபோது இந்த வழி பேருருவம் எடுத்தது. ஒருமுறை சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் வேலை செய்தது. உலக சுகாதார நிறுவனம் 1955இல் மலேரியாவை உலகிலிருந்தே ஒழிக்க முடிவெடுத்தது. ரஸ்ஸலே அந்த முயற்சியின் முக்கியமான ஆதரவாளராக நின்றார்.

தொடக்க வெற்றி மகத்தானது. இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் ஆண்டுக்கு 7.5 கோடி என மதிப்பிடப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 1961இல் ஏறக்குறைய 50,000 ஆனது. இலங்கையில் 1963இல் பதிவானவை 17 மட்டுமே. காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. ஆனால் இந்த ஆண்டுகளில் நீர் நிர்வாகத்தின் வழியே கொசுவை அடக்கும் கலை கைவிடப்பட்டது. புதிய அணைகளும் கால்வாய்களும் வரிசையாக எழுந்தன. கசிவையும் மண் எடுத்த குழியையும் வடிகாலையும் கொசுவின் கண்ணோட்டத்தில் பார்க்க ஆளில்லை. மருந்து பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தது.

கொசு மருந்துக்குப் பழகியது. கண்காணிப்பு தளர்ந்தது. இலங்கையில் 1968–69இல் நோயாளிகள் மறுபடி லட்சக்கணக்கில் பெருகினர். இந்தியாவில் 1976இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது.

ஆற்றுக்கும் வயலுக்கும் திரும்புதல்

இலங்கைக்கு இந்த ஆபத்து புதிதன்று. 1934–35இல் பருவமழை பொய்த்து, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. ஓடும் ஆற்றில் வளராத குலிசிபேசிஸ் அந்தக் குட்டைகளில் பெருகி, சுமார் 80,000 உயிர்களைக் குடித்த கொள்ளைநோய்க்குக் காரணமாயிற்று. வறட்சியிலும் மலேரியா வரும் என்பதை அந்த ஆண்டுகள் வடுவாகப் பதித்தன. பிற்காலத்தில் வடமத்திய மாகாணத்தின் யான் ஓயாவில் ஆய்வாளர்கள் இதற்கு நேரடியான வழியைத் தேடினர். பாசனத்துக்கு எப்படியும் அந்த ஓடை வழியே அனுப்பப்படும் நீரை, குட்டை கட்டும் மாதங்களில் போதிய ஓட்டம் இருக்கும்படி திட்டமிட்டுத் திறந்தால், குட்டைகள் இணைந்து புழுக்கள் அடித்துச் செல்லப்படும். தண்ணீரின் அளவைக் கூட்டாமல், திறக்கும் நேரத்தை மாற்றினாலே பலன் கிடைக்கும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என 2016இல் அறிவிக்கப்பட்டது; அதற்குப் பின்னால் சிகிச்சை, கண்காணிப்பு, மருந்து, கொசு ஆய்வு எனப் பல கைகளின் உழைப்பு இருந்தது.

புதிய பாசனம் வேறு நோய்களையும் கொண்டுவரும் என்பதை இலங்கையின் மகாவலிப் பாசனத் திட்டம் காட்டியது. நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் பன்றியிடமிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனிதருக்குக் கடத்துபவை. குடியேறிய உழவர்களுக்குப் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்ட பகுதிகளில் 1980களின் நடுவில் அந்நோய் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. தமிழ்நாட்டில் இந்நோய் 1955இலேயே வேலூர் வட்டாரத்தில் அடையாளம் காணப்பட்டிருந்தது. 1990களில் மதுரை ஆய்வாளர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை இந்தக் கொசுக்களுக்காக மறுபடி சோதித்தனர். புழு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. சமன் செய்த வயலும், நல்ல வடிகாலும், முறை தவறாத தண்ணீரும் வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் அப்படியே மிஞ்சியது. பின்னர் திருந்திய நெல் சாகுபடி பரவியபோது, தண்ணீரைச் சிக்கனம் பிடிக்க உழவர்கள் அதே ஒழுங்கைக் கையிலெடுத்தனர்.

1975இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்தத் திருப்பத்துக்கு முக்கியமான இடம். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் நடந்த யானைக்கால் தடுப்புத் திட்டத்தில், சாக்கடையை ஓடவிடுவதும், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவதும், குட்டைகளைத் தூர்ப்பதும் மருந்துக்கு முன்னால் வைக்கப்பட்டன. கடற்கரைக் கிராமங்களின் உப்பங்கழியில் கொசுவுக்கு மறைவு தந்த பாசியை மக்கள் வாரி எடுத்துக் காகிதமாக மாற்றக் கற்றனர். கேரளத்தின் சேர்த்தலையில் மான்சோனியாவை வளர்த்த ஆகாயத்தாமரைக் குளங்களில் செடியை நீக்கி மீன் வளர்க்கப்பட்டது. மீன் விற்ற பணம் வரும்வரை குளம் சுத்தமாக இருந்தது. மக்களுக்கு வருமானம் தரும் துப்புரவு நிலைக்கிறது என்பது அந்த மையத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு.

மீனும் பாக்டீரியாவும்

புழுவைத் தின்னும் மீனை விடுவது பழைய வழி. அமெரிக்காவைச் சேர்ந்த காம்பூசியா 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்து, கிணறுகளிலும் குளங்களிலும் விடப்பட்டது. அது கொசுப்புழுவோடு உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்பது பிறகு தெரியவந்தது. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும் உள்ளூர்ச் சிறுமீன்கள் அதே வேலையைச் செய்யக்கூடியவை. இயற்கை நீர்நிலைகளில் அவற்றையே பேணுவது நல்லது என்பது இன்றைய அறிவு.

1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலையில் ஒரு குட்டையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தின்ற கொசுப்புழுவின் குடல் சிதைகிறது. மீனையும் தவளையையும் அது வருத்துவதில்லை. சதுப்பையும் ஏரியையும் நஞ்சாக்காமல் புழுவை மட்டும் கொல்லும் கருவி அப்போதுதான் கிடைத்தது.

சதுப்பை வற்றவைக்காமல்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கொசுவுக்காக உப்புச் சதுப்புகளில் நேர்நேராக வாய்க்கால் வெட்டினர். மேய்ன் முதல் வர்ஜீனியா வரை 1930களின் முடிவுக்குள் ஏறக்குறைய 90 சதவீதச் சதுப்புகள் இப்படிக் கீறப்பட்டன. கொசு ஓரளவு குறைந்தது. பறவைகளும் மீன்களும் வாழ்ந்த குட்டைகளும் வற்றின. 1960களில் நியூ ஜெர்சியில் தலைகீழான முறை தொடங்கியது: கொசு வளரும் சிறு பள்ளங்களை மீன் வாழும் நிரந்தரக் குளங்களோடு இணைத்து, சதுப்பை ஈரமாகவே வைத்திருப்பது. நீரை வெளியேற்றாமல் மீனை உள்ளே வரவிடுவதே அதன் சாரம்.

கழிவுநீரைச் செடிகளைக் கொண்டு தெளியவைக்கும் செயற்கைச் சதுப்புகளுக்கு ஜெர்மனியின் கேட்டே சைடல் 1950களில் தொடங்கிய ஆய்வுகள் அடித்தளமிட்டன. கோரையும் சம்பும் நீரின் அழுக்கை உறிஞ்சும். அவையே அடர்ந்து சாய்ந்தால், மீன் புக முடியாத கொசுக்கூடமாகும். தெற்குக் கலிபோர்னியாவின் சான் ஜசிந்தோவில் 1990களில் இது அனுபவமானது. அங்கே சதுப்பின் ஒரு பகுதி ஆழமான திறந்த நீராக மாற்றி அமைக்கப்பட்டது. அன்று முதல் வடிவமைப்போர் கடைப்பிடிக்கும் விதிகள் எளியவை: கரை செங்குத்தாக இருக்கட்டும், செடிப் பட்டைகளுக்கு இடையே ஆழநீர் இருக்கட்டும், நீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் தேங்காமல் வெளியேறட்டும், ஒவ்வொரு தொட்டியையும் தனியே வடிக்க வழி இருக்கட்டும், முற்றிய கோரை அறுத்து அகற்றப்படட்டும். நீர் மண்ணுக்கு மேலே தெரியாமல் சரளைக்குள் ஓடும் அமைப்பு இன்னும் பாதுகாப்பானது. அது, மலாயா ஓடைகளை மண்குழாய்க்குள் அனுப்பிய வாட்சனின் எண்ணத்தின் வழித்தோன்றல்.

கிணறும் மேல்நிலைத் தொட்டியும்

நகரங்களின் விளிம்பு வேறு. பம்பாயில் மலேரியாவைப் பரப்பிய அனாபிலஸ் ஸ்டிபென்சி, வீட்டுக் கிணறுகளில் வளர்வதை சி. ஏ. பென்ட்லியின் 1911ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. கிணற்றை மூடச் சொன்னபோது, சூரிய ஒளி படாத நீர் சடங்குக்கு ஆகாது என்று பார்சிகளும் இந்துக்களும் ஆட்சேபித்தனர். நெருக்கமான வலையும் சிறு கதவும் வைத்த மூடி சமரசமாக வந்தது. சென்னை நகரின் கதையும் இதே கொசுவின் கதைதான்: கிணற்றில் இருந்த ஸ்டிபென்சி, வீடுகள் மாடிகளானபோது மேல்நிலைத் தொட்டிக்கு ஏறியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு வளரும் நீரை வைத்திருப்பவரே அதற்குப் பொறுப்பு என்ற கோட்பாட்டைச் சட்டமாக்கியது. குழாய்த் தண்ணீர் நாள் தவறி வரும் ஊர்களில் குடமும் டிரம்மும் நிரம்பியே இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வளர்வது அவற்றில். தண்ணீர் விநியோகம் ஒழுங்காக நடந்தால், அதுவே பெரிய கொசு ஒழிப்பு.

இஸ்மாயிலியாவின் எண்ணெய், டென்னசியின் ஓரடி ஏற்ற இறக்கம், பட்டுக்கோட்டை வயலின் காய்ச்சலும் பாய்ச்சலும், இன்று வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்லும் நாள் ஆகிய எல்லாம் ஒரே கால அளவில் அமைந்திருக்கின்றன: ஒரு வாரம். முட்டை கொசுவாகும் நாட்களை அது மிஞ்சுவதில்லை. அணையின் மதகை இயக்கும் பொறியாளரும், வாய்க்காலின் ஷட்டரைத் திறக்கும் லஸ்கரும், வயலின் மடையை வெட்டும் உழவரும், குடத்தைக் கவிழ்த்து உட்புறம் தேய்க்கும் வீட்டாரும் அந்த ஒரு வாரத்தைத் தவறவிடாமல் இருந்த இடங்களில் தண்ணீரும் நிலைத்தது, நோயும் தணிந்தது.